ரெண்டாந்தரம் கேக்க மாட்டாங்க

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி உரக்கடையில அப்பாவுக்கு ஓசியா குடுத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம். அப்பா ஒரு மாசம் டிவி மேல வச்சிருந்துட்டு, "தாரணி, நீயாச்சும் கிறுக்கு" ன்னு தூக்கிக் குடுத்துட்டார். சரி, இன்னிக்கு கிறுக்க விசயம் இருக்கு.

எங்க சென்னியாண்டவர் காயர்ஸுக்கு ஹாலந்துல இருந்து ஒரு அம்மா வர்றாங்க. பேரு ஃபெம்கே. தேங்கா மட்டையில நார் எடுத்தப்புறம் மிஞ்சற தூளைக் கழுவி, காயவச்சு, கட்டியா அமுக்கி அனுப்பறதுதான் எங்க யாவாரம். அங்க மண்ணுக்குப் பதிலா இதுலதான் தக்காளி வளக்கறாங்களாம். மூணு வாரம் கூடவே இருந்து ஒரு சாம்பிள் லாட் பார்ப்பாங்க. பிடிச்சா ரெண்டு வருச ஆர்டர்.

பிடிக்கலைன்னா? முதலாளி சென்னியப்பன் ஐயா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். "இந்தத் தடவையும் தட்டிப் போச்சுன்னா எக்ஸ்போர்ட்டே வேண்டாம் அம்மிணி. கேரளா நர்சரிக்கு லோடு ஏத்திட்டு நிம்மதியா இருந்துக்கறேன்." கேரளா லோடுக்கு இங்கிலீசு எதுக்கு? மில்லுல இங்கிலீசு பேசறதும் மெயில் போடறதும்தான் என் வேலை. நானும் சிரிச்சு வச்சேன்.

வீட்டுக்கு வந்தா, பெருந்துறையில இருந்து ஒரு ஜாதகம். பையனுக்கு பெங்களூர்ல வேலை. பொண்ணு வேலைக்குப் போக வேண்டாங்கறாங்களாம். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. "அந்த மில்லுல எக்ஸ்போர்ட்டு நின்னுபோனா உனக்கு அங்க என்ன வேலை? நல்ல நேரத்துல வந்திருக்குது கண்ணு."

அப்பா என் மூஞ்சியப் பார்த்து, "நீ என்ன சொல்றே?" ன்னார்.

"உங்க இஷ்டம்ப்பா" ன்னேன். போட்டோவுல பையன் நல்லாத்தான் இருக்கார். எனக்கென்ன.

பிப்ரவரி 5, புதன்

வந்துட்டாங்க. ஆபீஸ் வாசல் நிலைக்குக் குனிஞ்சு உள்ள வர்றாங்க, அத்தனை உசரம். அம்பது வயசு இருக்கும். வந்ததும் வராததுமா பையில இருந்து ஒரு தகர டப்பா. உள்ள கேரமல் வச்ச வட்ட பிஸ்கட்டு, வாசம் ரூம் பூரா.

ஐயாகிட்ட நீட்டுனாங்க. "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" ன்னு ஐயா கையை ஆட்டுனார். நம்ம ஊர்ல எடுத்த எடுப்புல யாரு வாங்குவா? ஃபெம்கே மேடம் "ஓகே" ன்னு டப்பாவ மேஸ்திரி மயில்சாமி அண்ணன்கிட்டத் திருப்பினாங்க. அவரும் "இருக்கட்டுமுங்க" ன்னார். "ஓகே." நானும் வாய் தவறி "நோ தேங்க்ஸ்" ன்னுட்டேன். டப்புனு மூடி பைக்குள்ள போட்டுட்டாங்க.

மூணு பேரும் அந்தப் பையையே பார்த்துட்டு நின்னோம். ரெண்டாந்தரம் கேக்கவே இல்லை.

சாயங்காலம் கிளம்பறப்ப ஐயா, "ஒருக்கா சொன்னா அப்படியே நம்பிக்குவாங்களா அம்மிணி இந்த ஊர்க்காரங்க?" ன்னு வருத்தமாக் கேட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சும்மாவா சொன்னாங்க.

காலையில தூள் கழுவற தொட்டிகிட்ட நின்னோம். மேடம் தண்ணிய ஒரு டம்ளர்ல அள்ளிப் பார்த்தாங்க. அவங்க பேச்சு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான். "இது மோசம். ஒரே தண்ணிய நாலு தடவை விட்டா தூள்ல இருக்கற உப்பு எப்படிப் போகும்? நீங்க கழுவலை, உப்புல ஊறப் போடறீங்க. உப்பு இந்த அளவுல இருந்தா ஒரு கட்டி கூட வாங்க மாட்டேன்."

ஐயா ஆர்வமா என்னைப் பார்த்தார். அவர் பொண்ணு பரீட்சை ரிசல்ட்டுக்குக் கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார். அந்த மூஞ்சிகிட்ட இதை எப்படிச் சொல்றது?

"கழுவற முறை நல்லாருக்குங்களாம் ஐயா. தண்ணி மட்டும் அப்பப்ப மாத்திக்கிட்டா இன்னும் பிரமாதமா இருக்குமாம்."

"பிரமாதமா!" ஐயா மீசைய முறுக்கிக்கிட்டார். மயில்சாமி அண்ணனைத் தட்டிக் குடுத்தார்.

அப்புறம் தூள் காயற களத்துக்குப் போனோம். எங்க டைகர் வழக்கம்போல தூள் மேல மல்லாந்து படுத்துத் தூங்கிட்டிருந்தான். "நாய் படுக்கற எடத்துல காயற சரக்கை நான் எந்தத் தோட்டக்காரனுக்கு விப்பேன்?" ன்னாங்க. "களம் விசாலமா இருக்காமுங்க, டைகருக்கு மட்டும் தனியா ஒரு எடம் பார்த்தா நல்லதாம்" னு சொன்னேன். அதுக்கே ஐயாவுக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. "நாய் எங்க படுத்தா இவங்களுக்கு என்னங்கறேன்? எங்கப்பன் காலத்துல இருந்து களத்துல நாய் படுக்குது, கோழி மேயுது, எவனும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இஷ்டம் இருந்தா வாங்கச் சொல்லு, இல்லாட்டி வந்த வழியப் பார்த்துட்டுப் போகச் சொல்லு!"

மேடம் கிட்டத் திரும்பி, "உங்க ஆலோசனைக்கு எங்க முதலாளி நன்றி சொல்றார்" னு சொன்னேன்.

"அவர் இத்தனை நேரம் பேசினார். நீ ஒரு வரி சொல்றே."

"தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை மேடம்."

ரெண்டு பேரும் கைகுலுக்கிக்கிட்டுப் பிரிஞ்சாங்க. நான் இல்லைன்னா இன்னிக்கு அடிதடிதான். எனக்கு நானே ஒரு இளநீர் வாங்கிக் குடிச்சேன்.

பிப்ரவரி 8, சனி

ஐயா வீட்டுல மேடத்துக்கு விருந்து. ஐயா சம்சாரம் தெய்வானை அம்மா ஒப்புட்டு, பச்சப்பயறு பாயசம்னு அமர்க்களம் பண்ணிட்டாங்க. "போதும்" னாங்க மேடம். போதும்னா நமக்கு இன்னொரு கரண்டின்னுதானே அர்த்தம்? தெய்வானை அம்மா வச்சுக்கிட்டே இருக்காங்க, மேடம் மூஞ்சி சிவந்துக்கிட்டே போகுது. கடைசியில இலைக்கு மேல ரெண்டு கையையும் விரிச்சுக் குடை பிடிச்சிட்டாங்க.

காப்பி எப்படின்னு கேட்டதுக்கு, "எனக்குப் பிடிக்கலை, சர்க்கரை ஜாஸ்தி" ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. "இத்தனை மணமான காப்பி குடிச்சதே இல்லையாமுங்க" ன்னு நான் தெய்வானை அம்மாகிட்டச் சொன்னேன். அப்புறமென்ன, இன்னொரு டம்ளர் வந்துருச்சு. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க!

பிப்ரவரி 9, ஞாயிறு

பெருந்துறைக்காரங்க பார்த்துட்டுப் போனாங்க. கேசரி, வாழைக்கா பஜ்ஜி. பையன் மரியாதையானவர். தனியாப் பேசறப்ப, "வேலைய விடறதுல உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?" ன்னு கேட்டார். "பார்க்கலாங்க" ன்னேன். அவர் சந்தோசமாத் தலையாட்டிட்டுப் போய் அவங்கம்மாகிட்ட சரின்னுட்டார்.

ஐயாகிட்ட யாராச்சும் கடன் கேட்டா அவர் சொல்றதும் "பார்க்கலாம்" தான். அதுக்கப்புறம் கேட்டவங்க அந்தப் பக்கமே வர்றதில்லை. கல்யாணத்துல மட்டும் ஏன் இது வேற மாதிரி வேலை செய்யுதோ.

23ஆம் தேதி பூ வைக்க வர்றாங்களாம். கேசரி நல்லா வந்திருந்துச்சு.

பிப்ரவரி 10, திங்கள்

சாம்பிள் லாட் காயுது. உப்பு மீட்டரைத் துடைச்சு வச்சேன். டைகரைக் கட்டிப் போட்டிருக்கோம், ஊரே கேக்கற மாதிரி அழுவறான்.

பிப்ரவரி 13, வியாழன்

போச்சு.

மேடம் காஞ்ச தூளைத் தண்ணில கரைச்சு மீட்டரை விட்டாங்க. அவங்க கேட்ட அளவை விட ரெண்டு மடங்கு உப்பு. மறுபடி விட்டாங்க. அதேதான். "இதை வாங்க முடியாது" ன்னு சொல்லிட்டு நோட்டை மூடிட்டாங்க.

இதுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படலை. ஐயா மூஞ்சி செத்துப் போச்சு. "ஏன் அம்மிணி, முறை நல்லாருக்கு, பிரமாதம்னெல்லாம் சொன்னாங்களே? தண்ணிய ஒருக்கா மாத்தவும் மாத்துனனே?"

அவர் என்ன கேட்டார்னு மேடம் கேட்டாங்க. சொன்னேன். "பிரமாதமா? நானா?" ன்னாங்க. "தொட்டிகிட்ட நின்னப்பவே வாங்க மாட்டேன்னு சொன்னேன். அவர் நன்றி சொன்னார்னு நீதானே சொன்னே?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. பூமி பொளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு, ஆனா களம் கான்கிரீட்டு.

ரெண்டு பேருக்கும் உண்மையச் சொன்னேன். மேடம் கோவப்பட்டாங்க, அது எனக்குப் பரவால்லை. ஐயா கோவப்படலை. "அவங்க திட்டுனது கூட வலிக்கலை. பிரமாதம்னு சொன்னாங்கன்னு வீட்டுல போய்ப் பெருமை பேசிட்டேன் அம்மிணி, அதுதான்" னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். யாரையும் நோகடிக்கக் கூடாதுன்னு பண்ணுனது, எல்லாரையும் விட அவரைத்தான் நோகடிச்சிருச்சு.

அம்மா பூ வைக்கறதுக்கு மைசூர்பா ஆர்டர் குடுத்துட்டாங்களாம். ரெண்டு கிலோ.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்னிக்கு நடந்ததை எழுதலைன்னா தூக்கம் வராது.

மேடம் ஊருக்கு டிக்கெட் மாத்தலை. காலையில வந்து, "ஒரே ஒரு தடவை இன்னும் பேசிப் பார்க்கறேன். வார்த்தைக்கு வார்த்தை சொல்லணும். சர்க்கரை போட்டேன்னா கோயமுத்தூர்ல இருந்து வேற ஆள் வைப்பேன்" னாங்க.

ஐயாகிட்டப் போய் நின்னேன். "இனி அவங்க சொல்றதை அப்படியே சொல்றனுங்க ஐயா. கோவம் வந்தா அவங்க மேல காட்டுங்க, என் மேல காட்டாதீங்க."

"சொல்லு" ன்னார் இறுக்கமா.

தொட்டிகிட்ட ஆரம்பிச்சாங்க. "இந்தத் தண்ணி சாக்கடை" ன்னாங்க மேடம். "சாக்கடைங்கறாங்க ஐயா." ஐயாவுக்குக் காது சிவந்துச்சு. "இருபது வருசமா இந்த யாவாரம் பண்றேன்னு சொல்லு." சொன்னேன். "இருபது வருசம் தப்பாச் செஞ்சா அது அனுபவம் ஆகாது." நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அதையும் சொன்னேன். மெசின் ஓட்டற பொம்பளைங்க மெசினை நிறுத்திட்டு வந்து நின்னுட்டாங்க. மயில்சாமி அண்ணன் தலையில துண்டப் போட்டுக்கிட்டார்.

ஐயா கத்துனார். "அவங்க ஊர்ல தண்ணி வீட்டு வாசல்ல வந்து நிக்குதாமா, கேளு! இங்க சித்திரை மாசத்துல ஒரு வண்டித் தண்ணிக்கு நான் யாரார் கால்ல விழுகறேன்னு அவங்களுக்குத் தெரியுமா, கேளு! ஆசைப்பட்டா ஒரே தண்ணிய நாலுதரம் விடறேன்?"

மூச்சு விடாம மொழிபெயர்த்தேன். மேடம் ஐயா பக்கம் திரும்புனாங்க.

"தெரியாது. தண்ணி இல்லைன்னு முதல் நாளே ஏன் சொல்லலை?"

"விருந்தாளி வந்த அன்னிக்கே எங்க வீட்டுல தண்ணி இல்லைன்னு எவனாச்சும் சொல்லுவானா?" இதை நான் சொன்னப்ப மேடம் முதல்ல புரியாமப் பார்த்தாங்க, அப்புறம் வாய் விட்டுச் சிரிச்சாங்க. அவங்க ஊர்ல முதல் வேலையா அதைத்தான் சொல்லுவாங்களாம்.

அதுக்கப்புறம் தரையில உக்காந்துட்டாங்க ரெண்டு பேரும். மேடம் குச்சியில தூள் மேலயே படம் போட்டாங்க. எல்லாக் கழுவலுக்கும் புதுத் தண்ணி வேண்டாம். முதல் மூணு கழுவலுக்குப் பழைய தண்ணியே போதும், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியா இருக்கணும். அந்தத் தண்ணியவே அடுத்த லோடோட முதல் கழுவலுக்கு விட்டுக்கலாம். ஐயா அந்தப் படத்தையே பார்த்தார். "கடைசிக்கு மட்டும்னா என்ற தோட்டத்துக் கிணறு தாங்கும். குழாய் போடணும்" னார். அப்புறம் குச்சிய வாங்கி, அவங்க போட்ட படத்துல ஒரு எடத்தை அழிச்சார். "இது தப்புன்னு சொல்லு. பள்ளம் இந்தப் பக்கம். தண்ணி மேட்டுல ஏறாது."

"இது தப்புங்கறார்" னு சொன்னேன். மேடத்துக்கு ஒரே சந்தோசம். "அப்பாடா! வந்ததுல இருந்து இப்பத்தான் இவர் என்கிட்டப் பேசறார்" னாங்க.

எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. பெப்பர்மிண்ட் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். சத்தியமாச் சொல்றேன், இத்தனை சந்தோசமா நான் வேலை செஞ்சதே இல்லை.

பிப்ரவரி 15, சனி

குழாய் பதிக்கறோம். ஐயா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரே குழியில எறங்கிட்டார். டைகருக்குக் களத்துக்கு வெளிய கொட்டாய். மேடத்தைப் பார்த்தாலே உறுமறான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

புது லாட் காயுது. மேடத்தை ரூம்ல விடக் கார்ல போனப்ப, இங்க எப்படி 'இல்லை' சொல்றதுன்னு பாடம் எடுத்தேன். "பார்க்கலாம்" னா நடக்காது. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" னா நடக்கவே நடக்காது. போன் எடுக்கலைன்னா சாமி வந்து சொன்னாலும் நடக்காது. எல்லாத்தையும் சிரத்தையா எழுதிக்கிட்டாங்க.

அம்மா போன் பண்ணி, ஞாயித்துக்கெழமைக்கு எந்தப் புடவைன்னு கேட்டாங்க. வச்சப்புறம் மேடம் என்ன விசயம்னு கேட்டாங்க. சொன்னேன்.

"உனக்கு அவரைக் கட்டிக்க இஷ்டமா?"

"நோ" ன்னேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. இங்கிலீசுல இத்தனை லேசா வருது! மேடம், "ஓகே" ன்னு சொல்லிட்டு வெளிய தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க. ரெண்டாந்தரம் கேக்கவே இல்லை. அவங்கதான் ஒருக்கா சொன்னா நம்பிருவாங்களே.

அந்தப் பையன் மேல ஒரு குத்தமும் இல்லை. தண்ணித் தொட்டிகிட்ட ரெண்டு பேரு கத்தறதை நடுவுல நின்னு மொழிபெயர்க்கறது அவருக்கு ஒரு வேலையாவே தெரியாது, அவ்வளவுதான். எனக்கு அது வேணும்.

பிப்ரவரி 21, வெள்ளி

பாஸ்! மீட்டரை மூணு தடவை விட்டாங்க, மூணு தடவையும் கேட்ட அளவை விடக் கம்மி. மயில்சாமி அண்ணன் விசிலடிச்சார். ரெண்டு வருச ஆர்டர்ல கையெழுத்தாச்சு.

கையெழுத்துப் போட்டதும் ஐயா மெதுவா, "வெலைய ஒரு ரூபா ஏத்திக் குடுக்க முடியுமான்னு கேளு அம்மிணி" ன்னார். கேட்டேன். மேடம் நிமிர்ந்து உக்காந்து, ஐயா கண்ணைப் பார்த்து, தமிழ்லயே சொன்னாங்க: "பார்க்கலாம்."

ஐயா சிரிக்க ஆரம்பிச்சார் பாருங்க, கண்ணுல தண்ணி கொட்டுது, மேசையத் தட்டறார். "புரிஞ்சுது, புரிஞ்சுது, ரொம்ப நல்லாப் புரிஞ்சுது!"

கிளம்பறப்ப மேடம் அந்தத் தகர டப்பாவத் திறந்தாங்க. அவங்க நீட்டி முடிக்கறதுக்குள்ள ஐயா, "வேணுமுங்க!" ன்னு ரெண்டு எடுத்துட்டார். மயில்சாமி அண்ணன் மூணு.

தெய்வானை அம்மா பிளாஸ்குல காப்பி குடுத்து விட்டிருந்தாங்க, சர்க்கரை இல்லாம. ஐயா வீட்டுல போய் உண்மையச் சொல்லியிருக்கார்.

பிப்ரவரி 22, சனி

சொல்லிட்டேன்.

அப்பா வாசல்ல ஞாயித்துக்கெழமைக்கு நாற்காலி எண்ணிட்டிருந்தார். காலையில இருந்து நானும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கறேன். "தலை வலிக்குதுப்பா" ன்னு ஒருக்கா சொன்னேன். "மாத்திரை போடு" ன்னார். "அவங்க குடும்பம் பெருசா இருக்குமோப்பா" ன்னேன். "பெருசுதான், நாற்காலி பத்தாது" ன்னார். இப்படியே போனா கழுத்துல தாலி ஏறுனப்புறமும் நான் நாற்காலியப் பத்தித்தான் பேசிட்டிருப்பேன்.

எதிர்ல போய் நின்னேன். "எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்ப்பா. வேலைய விட மாட்டேன்."

அம்மா உள்ள இருந்து கரண்டியோட வந்துட்டாங்க. "ஏண்டி, அன்னிக்கு உங்க இஷ்டம்னு சொன்னே?"

"அது என் இஷ்டம் இல்லைம்மா. அப்பா கேட்டது என் இஷ்டத்தை."

அப்பா நாற்காலில உக்காந்தார். அப்புறம், "நீ சரின்னுட்டியேன்னுதான் கண்ணு நானும் சரின்னேன். பெங்களூருக்கு அனுப்பிட்டு ராவும் பகலும் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டு உக்காரணுமான்னு எனக்கும்தான் இருந்துச்சு" ன்னார். அம்மா, "என்ற மூஞ்சிக்கு என்ன?" ன்னாங்க.

பெருந்துறைக்கு அப்பாதான் போன் போட்டார். "ஜாதகத்துல சின்னதா ஒரு..." ன்னு ஆரம்பிச்சார். நான் அவரையே பார்த்தேன். தொண்டையக் கனைச்சார். "இல்லீங்க. ஜாதகமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. பொண்ணுக்கு இஷ்டமில்லீங்க. மொதல்லயே சரியாக் கேக்காதது என்ற தப்புங்க, மன்னிச்சுக்கோங்க." அந்தப் பக்கம் கோவமாத்தான் பேசுனாங்க. அப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். வச்சுட்டு, வேர்வையத் துடைச்சுக்கிட்டு, "அந்த ஹாலந்து அம்மாவ மட்டும் நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்திராதே சாமி" ன்னார்.

அப்பாவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். சின்னப் புள்ளையில பண்ணுனது.

பிப்ரவரி 24, திங்கள்

ரெண்டு கிலோ மைசூர்பாவ என்ன பண்றது? மில்லுக்குக் கொண்டு போனேன்.

"என்ன விசேசம் அம்மிணி?" ன்னார் ஐயா.

"கல்யாணம் நின்னு போச்சுங்க ஐயா. நானா நிறுத்திட்டேன்."

டப்பாவ நீட்டுனேன். வேண்டாம், இருக்கட்டும், பரவால்லைன்னெல்லாம் ஒண்ணும் சொல்லலை, நேரா ஒண்ணை எடுத்துக் கடிச்சார். கடிச்சவர் தாடையப் பிடிச்சுக்கிட்டார்.

"நல்லாருக்கு... இல்லை அம்மிணி. உண்மையச் சொல்றேன், கல்லாட்டம் இருக்குது."

"நேத்து கடிச்சப்ப எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு" ன்னேன்.

"ஆகட்டும்" னு இன்னொண்ணு எடுத்துக்கிட்டு, "போ, ஹாலந்துக்கு மெயில் போடு. மொத கண்டெய்னர் எப்பன்னு கேட்டிருக்காங்களே" ன்னார்.